தொடக்கக் கல்வியில் காலநிலை மாற்றமும் செய்முறைச் செயல்பாடுகளும்: நெமிலி வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

காலநிலை மாற்றத்தைத் தொடக்கப் பள்ளி மாணவர்க்குச் செய்முறைச் செயல்பாடுகளின் வழிக் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்து இன்று கல்வியுலகில் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. ஆயினும் இத்தகைய செயல்பாடுகள் எந்த அறிவியலைக் கற்பிக்கின்றன, எந்த நிலத்தை முன்னிட்டு அமைக்கப்பட்டுள்ளன, பொறுப்பை யார்மேல் சுமத்துகின்றன என்னும் வினாக்கள் போதிய அளவில் எழுப்பப்படவில்லை. பரவலாகக் கையாளப்படும் புட்டிச் சோதனையையும், அதனோடு வழங்கும் கலைச்சொற்களையும், இராணிப்பேட்டை மாவட்ட நெமிலி வட்டாரத்தின் ஏரிப்பாசன நிலத்தையும் எதிரெதிர் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காலநிலைக் கல்வி, தொடக்கக் கல்வி, செய்முறைக் கற்றல், ஸ்டெம், வானவில் மன்றம், நெமிலி, பாலாறு.

முன்னுரை

சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று ஆணையிட்டது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. பாடநூலில் சுற்றுச்சூழல் இடம்பெற்றதா என்பது இன்று வினாவன்று. அது எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்பதே வினா. இத்தாலி தன் பள்ளிகளில் காலநிலைக் கல்வியைக் கட்டாயமாக்கும் முடிவை 2019இல் அறிவித்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 2022 முதல் மழலை வகுப்பு தொடங்கி எல்லா வகுப்புகளிலும் அதனைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. இம்முயற்சிகளோடு சேர்ந்து வந்ததே ஸ்டெம் எனப்படும் இணைப்பு முறை. கையால் செய்து பார்க்கும் குழந்தை கேட்டு மனனம் செய்யும் குழந்தையைவிட நன்கு அறியும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை.

இந்நம்பிக்கை தமிழகத்திற்குப் புதிதன்று. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், பின்னர் மாநிலம் முழுதும் விரிவுபடுத்தப்பட்டது. அதற்கும் முன்பிருந்தே தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987 முதல் வெளிவரும் ‘துளிர்’ இதழும் எளிய பொருள்களைக் கொண்டு அறிவியல் செய்யும் பழக்கத்தை வளர்த்து வந்தன. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் முப்பது ஆண்டு நடந்து 2002இல் அரசால் நிறுத்தப்பட்டது. அதன் முடிவை நினைவிற் கொள்வோர்க்கு ஓர் உண்மை விளங்கும். செய்முறைக் கல்வி நல்லது என்பதில் யாரும் மாறுபடுவதில்லை. ஆனால் அதற்கு வேண்டிய நேரத்தையும் ஆளையும் தேர்வு முறையையும் கொடுப்பதில்தான் தயக்கம் எழுகிறது. அனுபவம் அனைத்தும் கல்வியாகிவிடாது என்று ஜான் டூயி 1938இலேயே எச்சரித்திருக்கிறார். காலநிலைச் செயல்பாடுகளை ஆராய்வோர் முதலில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை அது.

வானவில் மன்றமும் தொடக்க வகுப்புகளும்

தமிழக அரசுப் பள்ளிகளில் ஸ்டெம் என்னும் சொல்லைப் பழக்கத்திற்குக் கொண்டுவந்தது வானவில் மன்றம். 2022 நவம்பர் 28 அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டம் காட்டூரில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின்கீழ் ஸ்டெம் கருத்தாளர்கள் சோதனைப் பொருள்களுடன் பள்ளிதோறும் செல்கின்றனர். திட்டத்தின் நோக்கம் பாராட்டத்தக்கது. ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்க்கானது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் எல்லைக்குள் வருகின்றன. அத்திட்டம் பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய எழுந்தது. எனவே மொழி, கணிதம் ஆகியவற்றின் அடிப்படைத் திறன்களை அது முன்னிறுத்தியது இயல்பே.

இவ்விரு திட்டங்களுக்கும் இடையில் ஓர் இடைவெளி நேர்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளில் சூழ்நிலையியலாக இருக்கும் பாடம் மூன்றாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகப் பிரிகிறது. குழந்தை தன் ஊரின் ஏரியை ஒரே பொருளாகக் காணத் தொடங்கும் வயதில், ஏரியின் நீர் ஒரு நூலிலும் ஏரியை வெட்டிய அரசன் மற்றொரு நூலிலும் இடம்பெறுகின்றனர். காலநிலை இவ்விரண்டிற்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் நடத்தும் ஆசிரியர்க்கு இந்த இடைவெளியை நிரப்பும் பொருளாக இணையக் காணொளிகளே எளிதில் கிடைக்கின்றன. அக்காணொளிகளில் முதலில் எதிர்ப்படுவது புட்டிச் சோதனை.

புட்டிச் சோதனையும் அதன் பிழையும்

இச்சோதனை உலகெங்கும் பள்ளிக் கையேடுகளில் காணப்படுவது. ஒரே அளவுள்ள இரு நெகிழிப் புட்டிகளில் வெப்பமானிகள் பொருத்தப்படும். ஒன்றில் வெறும் காற்று இருக்கும். மற்றொன்றில் ஆப்பச் சோடாவும் வினிகரும் சேர்த்து உண்டாக்கிய கரியமில வாயு நிரப்பப்படும். இரண்டும் வெயிலிலோ விளக்கொளியிலோ வைக்கப்படும். சிறிது நேரத்தில் கரியமில வாயு உள்ள புட்டி கூடுதல் வெப்பம் காட்டும். ‘இதுவே புவி வெப்பமாதல்’ என்று ஆசிரியர் கூறி முடிப்பார். குழந்தைகள் கைதட்டுவர்.

விடை சரி, காரணம் தவறு. வாகனர், லியூ, டோபின் ஆகிய மூவர் 2010இல் அமெரிக்க இயற்பியல் கற்பித்தல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை இதனை நிறுவியது. கரியமில வாயுவுக்குப் பதிலாக ஆர்கானை நிரப்பினாலும் ஏறத்தாழ அதே வெப்ப உயர்வு கிடைக்கிறது. ஆர்கானோ அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சாத வாயு. இரண்டிற்கும் பொதுவாக உள்ளது காற்றைவிட மிகுந்த அடர்த்தி. அடர்ந்த வாயு கலத்தின் அடியில் தங்கி, மேலுள்ள காற்றோடு கலவாமல் வெப்பச் சலனத்தைத் தடுக்கிறது. வெப்பநிலை உயர்வதற்குப் பெரும்பங்குக் காரணம் அதுவே. வளிமண்டலத்தில் பல கிலோமீட்டர் உயரத்தில் நிகழும் கதிர்வீச்சு உறிஞ்சலை ஒரு சாண் உயரப் புட்டிக்குள் தேடுவது வீண். போதாக்குறைக்கு, புட்டியின் சுவரே அகச்சிவப்புக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது.

இதில் வரலாற்று முரண் ஒன்றும் உண்டு. யூனிஸ் ஃபுட் 1856இல் செய்த சோதனையும் இவ்வடிவினதே. கண்ணாடி உருளைகளில் பல்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்த அவர், கரியமில வாயு மிகுதியாகச் சூடேறுவதைக் கண்டார். அவ்வாயு மிகுந்த வளிமண்டலம் புவியை வெப்பமாக்கும் என்றும் ஊகித்தார். அவ்வூகம் பின்னர் மெய்யாயிற்று. ஆனால் ஞாயிற்றின் கதிரையும் புவி உமிழும் கதிரையும் பிரித்துக் காட்ட அக்கருவியால் இயலவில்லை. அதற்கு 1859இல் ஜான் டிண்டல் அமைத்த வேறு வகைக் கருவி தேவைப்பட்டது. ஃபுட்டின் பெருமை இதனாற் குறைந்துவிடாது. ஆனால் 170 ஆண்டுகளுக்கு முன் ஒரு முன்னோடிக்குப் போதாதிருந்த கருவியை, முடிந்த முடிபுக்குச் சான்றாக இன்று எட்டு வயதுக் குழந்தையின் கையில் கொடுப்பது அறிவியற் பயிற்சியாகாது.

இப்பிழை சிறிதன்றோ, குழந்தைகள் பின்னர்த் திருத்திக்கொள்ளாரோ என ஒரு மறுப்பு எழலாம். அம்மறுப்பு முழுதும் ஏற்கத்தக்கதன்று. செய்முறைக் கல்வியின் உரிமைக்கோரிக்கையே ‘நீயே கண்ணால் கண்டாய்’ என்பதுதான். கண்ணால் காணாத ஒன்றைக் கண்டதாக நம்பவைக்கும்போது, பாடநூலை மனனம் செய்யும் பழைய முறையைவிட அது கீழிறங்கிவிடுகிறது. மனனம் செய்த குழந்தை தான் கேட்டதைச் சொல்கிறது. சோதனை செய்த குழந்தை தான் காணாததற்குச் சாட்சி சொல்கிறது.

மார்கழிப் பனி

அப்படியாயின் தொடக்கப் பள்ளியில் இவ்விளைவைக் காட்டவே இயலாதா? இயலும், ஆனால் புட்டிக்கு வெளியே. நெமிலி வட்டாரத்தின் மார்கழிக் காலையில் திறந்தவெளிப் புல்லில் பனித்துளி நிறைந்திருக்கும். புளிய மரத்தடியிலோ அடர்ந்த வேப்பமரத்தடியிலோ உள்ள புல் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். மேகம் மூடிய இரவைத் தொடரும் காலையில் திறந்தவெளியிலும் பனி குறையும். காரணம் எளிது. இரவில் நிலமும் புல்லும் தம் வெப்பத்தை வானை நோக்கி உமிழ்ந்து குளிர்கின்றன. மரக்கிளையோ மேகமோ மேலிருந்தால் அது தானும் வெப்பத்தைக் கீழ்நோக்கி உமிழ்கிறது. அதனால் புல் அவ்வளவு குளிர்வதில்லை. வளிமண்டல வாயுக்கள் செய்வதும் இந்த வேலைதான்.

இதற்கு வேண்டிய பொருள் யாதுமில்லை. ஆல்ககால் வெப்பமானி இரண்டு இருந்தால் நன்று. பாதரச வெப்பமானி குழந்தைகள் கைக்கு ஆகாது. ஒன்றைத் திறந்தவெளியிலும் மற்றொன்றை மரத்தடியிலும் புல்மட்டத்தில் வைத்து, விடியுமுன் படித்துப் பத்து நாள் எழுதிவந்தால், மேக நாளும் தெளிந்த நாளும் தாமே பிரிந்து நிற்கும். பள்ளி நேரத்திற்கு முன் நடக்க வேண்டிய செயல் இது. ஆகவே வீட்டுச் செயலாகத்தான் அமையும். விளக்கொளியில் பத்து நிமிடத்தில் முடியும் சோதனையின் கவர்ச்சி இதற்கு இல்லை. ஆயினும் இதன் இயற்பியல் பொய்யில்லாதது.

‘பசுமை’ என்னும் அடைமொழி

கலைச்சொல்லிலும் ஒரு சிக்கல் உள்ளது. பசுமை இல்ல விளைவு, பசுங்குடில் வாயு என்பன ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்புகள். குளிர்நாட்டில் செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டைக் கண்டறியாத குழந்தைக்கு உவமையே விளங்காது என்பது ஒரு குறை. அதனினும் பெரிய குறை, தமிழில் பசுமை என்பது நன்மைப் பொருள் தரும் சொல் என்பது. பசுமைப் படை, பசுமை வீடு, பசுமைப் பள்ளி எனப் பள்ளிச் சூழலில் வழங்கும் தொடர்கள் எல்லாம் நல்லவற்றைக் குறிக்கையில், பசுமை இல்ல வாயுவைத் தீங்கானதாகக் கருதுமாறு குழந்தையிடம் எதிர்பார்ப்பது முறையன்று. போதாததற்கு, மெய்யான கண்ணாடி வீடு சூடாக இருப்பதற்குப் பெருங்காரணம் சலனம் தடைப்படுவதே என்பதை ஆர்.டபிள்யூ. வுட் 1909இல் சோதனையாற் காட்டினார். உவமையும் சோதனையும் ஒரே பிழையைச் செய்கின்றன. ‘வெப்பம் பிடிக்கும் வாயு’ என்னும் வெள்ளைத் தொடர் தொடக்க வகுப்பிற்குப் போதும்.

பருவநிலை, காலநிலை, தட்பவெப்பநிலை, வானிலை என்னும் சொற்கள் செய்தித்தாள்களில் ஒன்றன் இடத்தில் ஒன்று புழங்குவதும் கற்பித்தலைக் குழப்புகிறது. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டது தொல்காப்பிய மரபு. பெரும்பொழுது ஆறு என்னும் பகுப்பைக் காலநிலைக் கல்விக்குத் தொடக்கமாகக் கொள்ளலாம் என்று தமிழாய்வுக் களத்தில் சிலர் விழையக்கூடும். அவ்விழைவில் நியாயம் உண்டு, விழிப்பும் தேவை. மரபு ஆவணியையும் புரட்டாசியையும் கார்காலம் என்கிறது. நெமிலியில் ஐப்பசியும் கார்த்திகையும் கொணரும் வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்துக் கொண்டால்தான் ஏரி நிரம்பும். இந்த வேறுபாட்டைக் காலநிலை மாற்றத்தின் சான்றாகக் காட்டிவிடுவது எளிது. ஆனால் அது சான்றாகாது. இலக்கியப் பகுப்பு மழைமானிக் குறிப்பன்று.

ஏரியும் மழைமானியும்

நெமிலி தோல் தொழிற்பகுதியின் வரைபடத்தில் இருந்தாலும், அதன் நிலம் அடிப்படையில் ஏரிப்பாசன நெல் நிலம். அருகிலுள்ள காவேரிப்பாக்கம் ஏரி தமிழகத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று. வட்டத்திற்குட்பட்ட மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த திருமால் கோயிலின் கல்வெட்டு, அவ்வூர் ஏரியையும் அம்மன்னன் பெயராலேயே குறிக்கிறது. வாலாசாவை அடுத்த பாலாற்று அணைக்கட்டு 1850களில் எழுப்பப்பட்டபின் இவ்வேரிகள் அதன் கால்வாய்களை நம்பின. ஏழாம் நூற்றாண்டு முதல் மழையை எண்ணி வாழ்ந்த ஊர்களின் பிள்ளைகளுக்கு, உருகும் துருவப் பனியைத் தட்டில் வைத்துக் காட்டுவதே காலநிலைப் பாடமாகிறது. பனிக்கட்டிச் செயல்பாடு தவறில்லை. மிதக்கும் பனி உருகினால் நீர்மட்டம் உயராது, கல்மேல் வைத்த பனி உருகினால் உயரும் என்பது சரியான அறிவியலே. அது கடலோரப் பள்ளிக்கு முதற்பாடமாகலாம். நெமிலிக்கு முதற்பாடம் மழை.

மழைமானி செய்வது எளிது. நேர்ச்சுவருள்ள தகரக் குவளையும் அளவுகோலும் போதும். வாயும் அடியும் ஒரே அகலமாயிருப்பின், தேங்கிய நீரின் ஆழமே மழையளவு. அடிவளைந்த நெகிழிப் புட்டியாயின், வளைவு மறையும்வரை கூழாங்கல்லும் நீரும் இட்டு அங்கே சுழி குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் பள்ளிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். ஐந்தாம் வகுப்புப் பெருக்கலால் இதனைக் கண்டுவிடலாம். 2003இல் மாநிலம் முழுதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பு தம் பள்ளியில் இருக்கிறதா, இருந்தால் அந்த 1,000 லிட்டர் அதில் இறங்குகிறதா என்பதை அடுத்த வினாவாகக் குழந்தைகளே கேட்பர். பொறியியல் என்று தனியே ஒன்றைச் சேர்க்க வேண்டிய தேவை அங்கில்லை.

இச்செயலின் இடர் நடைமுறையிலேயே உள்ளது. இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணிக்கு மழையளவைக் குறிக்கிறது. பள்ளி சற்றுப் பிந்திக் குறித்தாலும் நாள்தோறும் ஒரே நேரமாயின் குற்றமில்லை. ஆனால் கனமழை பெய்யும் நாளில் மாவட்ட ஆட்சியர் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்துவிடுவார். பள்ளியின் மழைப் பதிவேட்டில் வெற்றிடமாக நிற்பவை, எந்நாள்களுக்காகப் பதிவேடு வைக்கப்பட்டதோ அந்நாள்களே. மழைமானியைப் பள்ளியருகே குடியிருக்கும் பிள்ளைகள் சிலரின் வீட்டு முற்றத்தில் வைத்தாலன்றி இதற்குத் தீர்வில்லை. அதில் மற்றொரு பயனும் உண்டு. ஒரே ஊரில் நான்கு முற்றங்கள் நான்கு அளவு காட்டும்போது, அளவையின் பிழை என்பது யாது, சராசரி ஏன் வேண்டும் என்பன கற்பிக்காமலே விளங்கத் தொடங்கும்.

ஐந்தாண்டுக் குறிப்பைக் கொண்டு காலநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. உலக வானிலையியல் நிறுவனம் முப்பது ஆண்டுச் சராசரியையே காலநிலைக்கு அளவாகக் கொள்கிறது. இதனைக் குழந்தைகளிடம் மறைக்கத் தேவையில்லை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதை அவர்களிற் பலர் கேள்வியுற்றிருப்பர், சிலர் கண்டுமிருப்பர். அதனைக் காலநிலை மாற்றத்தின் படமாகப் பாடத்தில் ஒட்டிவிடுவது எளிது. ஆனால் அதே பாலாறு 1903 நவம்பர் 12 அன்று வாணியம்பாடியில் பெருவெள்ளமாகி உயிர்களைப் பலிகொண்டது. வெள்ளம் அன்றும் வந்தது. வெப்பமான காற்று மிகுந்த ஈரத்தைத் தாங்குவதால், அத்தகைய கனமழை நேரும் வாய்ப்புக் கூடுகிறது என்பதே இன்றைய கூற்று. ‘நேர்ந்தது’ என்பதற்கும் ‘நேரும் வாய்ப்புக் கூடியது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பகடை உருட்டியே மூன்றாம் வகுப்பில் விளக்கலாம். ஏரி கடைசியாகக் கோடி போனது எந்த ஆண்டு என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவரச் செய்து, ஒருவர் சொன்ன ஆண்டு மற்றொருவர் சொன்னதோடு ஒவ்வாதிருப்பதைக் காணச் செய்வதும் கல்வியே. எழுதிவைத்தல் ஏன் வேண்டும் என்பதற்கு அதனினும் நல்ல பாடம் அரிது.

மாசும் காலநிலையும்

தோல் தொழிற்பகுதியின் குழந்தைக்குச் சூழல் என்றதும் நினைவில் எழுவது கழிவுநீர். பாய்ஸ், ஸ்டானிஸ்டிரீட் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைகள் ஓசோன் படலச் சிதைவையும் புவி வெப்பமாதலையும் ஒன்றாகக் கருதுவதையும், சூழலுக்கு நல்லதெனப்படும் எச்செயலும் எல்லாச் சூழற்கேட்டையும் தீர்க்கும் என நம்புவதையும் எடுத்துக்காட்டியது. நெகிழியை ஒழித்தால் வெயில் குறையும் என்னும் நம்பிக்கை அவ்வகையினது. குரோமியக் கழிவு காலநிலையை மாற்றுவதில்லை. கரியமில வாயு கிணற்றை உவர்ப்பாக்குவதில்லை. இரண்டையும் பிரித்துக் காட்டியபின்னரே அவை சந்திக்கும் இடத்தைக் காட்டலாம். மழைநீரையும் கிணற்று நீரையும் இரு தட்டுகளில் சம அளவாக ஊற்றி வெயிலில் உலரவிட்டால், கிணற்று நீரின் தட்டில் வெண்படிவு எஞ்சும். மழை பொய்த்து நிலத்தடி நீர் குறையும் ஆண்டில் அப்படிவு மிகுமா என்று ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் செய்து பார்க்கலாம். பதப்படுத்தாத தோலைக் காக்க உப்பிடுகிறார்கள் என்பதைச் சொல்லித்தர ஆசிரியர் வேண்டியதில்லை. அத்தொழிலில் கூலி வேலை செய்யும் பெற்றோர் உள்ள வகுப்பறையில் அது பிள்ளைகளின் அறிவு.

டேவிட் சோபெல் 1996இல், இளங்குழந்தைகளிடம் இயற்கையின் மீது அன்பு வேர்கொள்ளுமுன் அதன் அழிவைக் காட்டலாகாது, அச்சம் அவர்களை விலக்கிவிடும் என்று வாதிட்டார். இவ்வாதம் வலியது; ஆயினும் அதன் பின்புலம் அழிவு தொலைவிலுள்ள நிலம். இராணிப்பேட்டையில் 2015 சனவரி 31 அன்று தோல் கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். அத்தகைய மாவட்டத்தில் பேரழிவை நான்காம் வகுப்புவரை ஒத்திவைப்பது ஆசிரியரின் கையில் இல்லை. குழந்தைக்கு அச்செய்தி பள்ளிக்கு முன் வீட்டை எட்டிவிடுகிறது. பள்ளி செய்யக்கூடியது அதற்கு ஒரு சொல்லும் ஒரு முறையும் தருவதே.

முறை என்பதில் பொறுப்பும் அடங்கும். தொடக்க வகுப்புக்கான காலநிலைச் செயல்பாடுகளில் கார்பன் தடம் கணக்கிடும் தாள் தவறாது இடம்பெறுகிறது. விளக்கை அணை, குழாயை மூடு, மிதிவண்டியில் செல் என்பன அதன் அறிவுரைகள். அக்கணிப்பானைப் பொதுமக்களிடையே 2000களில் பரப்பியதில் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்பது பலரும் அறிந்ததே. இந்தியரின் ஆண்டுத் தனிநபர்க் கரியமில வாயு வெளியீடு ஏறத்தாழ 2 டன். அமெரிக்கரது அதைப்போல் ஏழு மடங்கு. இரண்டு விளக்குள்ள வீட்டிலிருந்து நடந்தே பள்ளிக்கு வரும் குழந்தையிடம் அத்தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வது கணக்கிலும் பிழை, அறத்திலும் பிழை. வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. இந்த நிலத்திலிருந்து எழுந்த வழக்கு அது. ‘யார் கெடுத்தாரோ அவரே சரிசெய்ய வேண்டும்’ என்பதைப் புரிந்துகொள்ள எட்டு வயது போதும். அக்கோட்பாட்டைப் பாலாற்றுக்குப் பொருத்திய குழந்தை, அதனையே வளிமண்டலத்திற்கும் பொருத்திக் கேட்கும்.

இவையெல்லாம் ஈராசிரியர் பள்ளியில் நடக்குமா என்பது நேர்மையான ஐயம். கருவிப்பெட்டிகள் இருப்புப் பதிவேட்டில் ஏறியவுடன், உடைந்தால் கணக்குச் சொல்ல வேண்டுமே என்னும் அச்சத்தால் அலமாரியில் பூட்டப்படும் வழக்கம் ஆசிரியர்கள் அறியாததன்று. தகரக் குவளைக்கு அந்த அச்சமில்லை. பள்ளியில் வைக்க வேண்டிய பதிவேடுகள் பல. மழைக்கென ஒரு பதிவேடு அவற்றுள் சேர்க்கப்பட்டு, ஆசிரியர் மாறுதலாகிச் செல்லும்போது மற்றப் பதிவேடுகளோடு அதுவும் பொறுப்பு ஒப்படைப்பில் அடங்குமானால், இன்று மூன்றாம் வகுப்பில் உள்ளவரின் பிள்ளைகள் அதே பள்ளியில் படிக்கும்போது முப்பது ஆண்டுக் கணக்கு கையிலிருக்கும். பனப்பாக்கத்தில் சிப்காட் தொழிற்பூங்காவுக்காக நிலம் உருமாறிவரும் இவ்வேளையில், அக்கணக்கின் முதற்பக்கத்தைத் தொடங்குவதற்கு ஓர் ஆணையும் ஒரு குறிப்பேடுமே தேவைப்படுகின்றன.